திரையில் ஏறாத கையெழுத்து

ரேலீன் க்வின்லன் தன் வாழ்நாளில் கைமாற்றிவிட்ட வீடுகளை ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு சிறுநகரமே எழும்பும். அவற்றில் ஒன்றுகூட அவளுடையது அல்ல. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மெல்பர்ன் நகரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தவள், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வேலையைச் செய்தாள். தோல் பையில் மூலப்பத்திரங்களையும் வங்கிக் காசோலைகளையும் சுமந்துகொண்டு, கிரயம் முடிக்கும் கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே விற்பவர் தரப்பும் வாங்குபவர் தரப்பும் வங்கிகளின் ஆட்களும் மேசையைச் சுற்றி அமர்வார்கள். காசோலை இந்தப் பக்கம் வரும், பத்திரம் அந்தப் பக்கம் போகும். காசோலையில் ஓர் எழுத்துப் பிசகினால் போதும், அன்றைய கிரயம் நின்றுவிடும். எங்கோ ஒரு புறநகரில், சாமான் ஏற்றிய லாரியோடு ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். அந்தக் குடும்பங்களுக்காக ரேலீன் எத்தனையோ முறை வங்கிப் படிகளில் ஓடி ஏறியிருக்கிறாள். அவளுடைய மணவாழ்க்கையோ வாடகை வீட்டில் தொடங்கி வாடகை வீட்டிலேயே முறிந்தது.

பின்னர் மின்வழிக் கிரயம் வந்தது. கூடத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வேலை போய்விடும் என்று தெரிந்ததும் ரேலீன் அழவில்லை. தன் வேலையைத் தின்ற அந்த முறையையே கற்றுக்கொண்டு, அதை வக்கீல்களுக்குக் கற்பிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அக்டோபர் முதல் விக்டோரியா மாநிலத்தில் காகிதக் கிரயம் செல்லாது என்று அறிவிப்பு வந்திருந்த ஆண்டு அது. மேற்குப் பகுதிக் கோதுமை ஊர்களிலும் ஆட்டுப்பண்ணை ஊர்களிலும் அவள் கார் ஓடாத சாலை இல்லை. தேநீரும் பிஸ்கட்டும் எங்கும் தாராளமாகக் கிடைத்தன. கற்றுக்கொள்ளும் மனம்தான் கிடைக்கவில்லை.

அவளுடைய பொறுமையை அதிகம் தின்றவர் அரராட் ஊரின் டூகல் ரென்னிக். தந்தை விட்டுச்சென்ற அலுவலகத்தை எழுபது வயதிலும் நடத்திக்கொண்டிருந்தவர். முதல் நாள் பாடத்திலேயே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பத்திரம் இப்போ எங்கம்மா இருக்கு?"

"இதோ திரையில பாருங்க, டூகல்."

"திரையில தெரியுது. இருக்கறது எங்க?"

"அரசாங்கத்தோட கம்ப்யூட்டர்ல."

"அது எங்க இருக்கு?"

"மெல்பர்ன்லயோ எங்கயோ."

"எங்கயோ இருக்கறதுல நான் கையெழுத்துப் போடணும்! எங்க அப்பா மட்டும் இருந்திருந்தா உன்னை வாசல்லயே நிறுத்தியிருப்பாரு."

"உங்க அப்பா இருந்திருந்தா இந்நேரம் கத்து முடிச்சிருப்பாரு."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கோரல் ஹாப்ஸ், தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தாள். கோரல் அந்த அலுவலகத்தின் குமாஸ்தா. உண்மையைச் சொன்னால், அந்த அலுவலகமே அவள்தான். பத்திரம் எழுதுவது, சரிபார்ப்பது, கட்சிக்காரரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. காலைத் தேநீர் வேளையில் சிவப்புத் தோல் உறை ஒன்றில் காகிதங்களை அடுக்கி அவர் முன் வைப்பாள். அவர் நீல மையில் கையெழுத்திட்டுக்கொண்டே போவார். கடைசித் தாளைப் புரட்டியதும் அன்றைய வக்கீல் வேலை முடிந்தது என்று பொருள்.

மின்வழி வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை என்பதை ரேலீன் மூன்றாம் முறை போனபோதுதான் கண்டுபிடித்தாள். திரையில் கையெழுத்திட ஒவ்வொரு வக்கீலுக்கும் கட்டைவிரல் பருமனில் ஒரு மின்சாவி தரப்பட்டிருந்தது. அதைக் கணினியில் செருகி, தனக்கு மட்டுமே தெரிந்த ரகசிய எண்ணை அவரே அழுத்த வேண்டும். ரென்னிக்கின் சாவியோ கோரலின் இழுப்பறையில், பசைநாடாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே கிடந்தது. கோரல் திரையில் உள்ளதை அச்சடித்துச் சிவப்பு உறையில் வைப்பாள். அவர் மையில் கையெழுத்திடுவார். பிறகு அவருடைய சாவியைச் செருகி, அவருடைய எண்ணை அழுத்தி, திரையிலும் அவளே கையெழுத்திட்டுவிடுவாள். 

"கோரல், இது அவரோட கை மாதிரி. அவர் கையை வெட்டி உன் டிராயர்ல வெச்சிருக்கே."

"அவருக்கு அந்தக் கை தேவைப்படலையே ரேலீன்."

"இனிமே நீ அதைத் தொட்டேன்னு தெரிஞ்சா, நானே மேல எழுதிப்போடுவேன். அவர்தான் போடணும். அவர் மட்டும்தான்."

"சரி தாயே, தொடலை," என்றாள் கோரல், கையை உயர்த்திக் காட்டி.

அந்த ஊருக்குப் போய்வந்து கொண்டிருந்ததில்தான் ரேலீன் அந்த வீட்டைப் பார்த்தாள். இரயில் பாதைக்கு அப்பால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சிறிய வீடு. கொல்லையில் கிழட்டு எலுமிச்சை மரம் ஒன்று. வீட்டுக்காரர் ஹாடோ, வார்னம்பூல் ஊரில் மகளோடு வசிக்கப் போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயதில், வங்கி இனி கடன் தராது என்ற எல்லையில் நின்றுகொண்டு, ரேலீன் தன் பெயரில் முதல் வீட்டை வாங்கத் துணிந்தாள். தன் தரப்பு வக்கீலாக மெல்பர்னில் இருந்த பழைய தோழி டெஸ்ஸை அமர்த்தினாள். ஹாடோ யாரை அமர்த்தினார் என்று தெரிந்தபோது, கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள். அரராட்டில் ஹாடோவின் தலைமுறைக்கு வேறு வக்கீல் ஏது?

கிரயம் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு என்று முடிவாயிற்று. பழைய வாடகை வீட்டுச் சாவியைக் காலையிலேயே ஒப்படைத்தாயிற்று. அங்கே புதியவர்கள் குடிபுக வந்துகொண்டிருந்தார்கள். ரேலீனின் கட்டிலும் அலமாரியும் பானை சட்டியும் ஜாக்கோ என்பவனின் லாரியில் ஏறி, புதிய வீட்டு வாசலில் வந்து நின்றன. ஜாக்கோ ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான். வெயில் கொளுத்தியது.

"சாவி எப்போ வரும்க்கா?"

"ரெண்டு மணிக்கு. இப்பல்லாம் எல்லாம் மின்னல் வேகம்," என்றாள் ரேலீன். ஊருக்குச் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொள்ளும் அவசியம் அன்று இருந்தது.

இரண்டு மணி நெருங்கியபோது டெஸ் அழைத்தாள். "ரேலீன், நாம ரெடி, பேங்க் ரெடி. விக்கறவங்க பக்கம் இன்னும் கையெழுத்து விழல. ஃபோன் போட்டா யாரும் எடுக்கல."

ரேலீன், ரென்னிக்கின் அலுவலகம் இருந்த பார்க்லி தெருவுக்குக் காரை விரட்டினாள். அலுவலகத்தில் கோரல் மட்டும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்தா? காலையிலயே போட்டாச்சே," என்றவள் இரும்பு அறைக்குள் போய் ஒரு தாளை எடுத்துவந்தாள். திரையின் அச்சுப் பிரதி. அடியில் டூகல் ரென்னிக்கின் நீல மைக் கையெழுத்து; அதன் கீழே சாட்சியாகக் கோரல் ஹாப்ஸ். ஒரு பிழை கிடையாது. ஒரு பயனும் கிடையாது.

"அப்போ திரையில?"

"நீதானே தொடக்கூடாதுன்னே! அவரே போடணும்னே. சிவப்பு உறையில வெச்சேன், சாவியையும் மேலயே வெச்சேன். அவர் இதுல போட்டுட்டு, 'முடிஞ்சுது கோரல்'னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் பௌல்ஸ் பந்தாட்டம். ஃபோனைக் கையில எடுத்துட்டுப் போக மாட்டாரு."

ரேலீன் சிவப்பு உறையைப் பார்த்தாள். அதன்மேல் அந்தச் சின்னச் சாவி, யாரும் தொடாமல், வெகு ஒழுங்காக இருந்தது. தான் போட்ட சட்டம் தன் வாசலிலேயே வந்து குறுக்கே படுத்திருந்தது.

கோரல் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாரு, ஒரு நிமிஷ வேலை. நம்பர் எனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ, நான் போட்டுடறேன். உன் லாரி வாசல்ல நிக்குது ரேலீன்."

ஒரு நிமிட வேலைதான். இதுநாள்வரை அது அப்படித்தான் நடந்திருந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அவள் பெயரில் வரப்போகும் ஒரே ஒரு வீடு, போடாதவர் போட்ட கையெழுத்தின்மேல் நிற்பதா? எத்தனை வக்கீல்களை முகத்துக்கு நேரே கண்டித்திருக்கிறாள்! ரேலீன் சாவியைத் தொடவில்லை, கோரலையும் தொடவிடவில்லை. "கம்ப்யூட்டரைத் தயாரா வை," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

பௌல்ஸ் மன்றத்தின் புல்தரையில், வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக டூகல் ரென்னிக் குனிந்து, பந்தை உள்ளங்கையில் எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"டூகல்! திரையில கையெழுத்து விழல. உடனே வாங்க."

"காலையிலயே போட்டேனே. நீல மையில."

"அது காகிதத்துல!"

"வேற எதுல போடுவாங்க?" என்றார் அவர். கூட ஆடியவர்கள் சிரித்தார்கள். "இந்தச் சுத்து முடியட்டும்மா."

"என் லாரி வாசல்ல நிக்குது."

"என் பந்தும் கையிலதான் நிக்குது."

பந்து உருண்டது; நின்றது. அதன்பின் எதிரணி ஆளின் பந்தும் ஆற அமர உருண்டது. குறிப்பந்துக்கு யாருடையது அருகில் என்று அளந்து பார்த்தார்கள். ரேலீன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஈக்களை ஓட்டியபடி, அந்த அளவெடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது உண்டு. இங்கே தாழியைச் சுற்றி நின்று அளந்துகொண்டிருந்தார்கள்.

அலுவலகம் திரும்பியபோது இரண்டு மணி எப்போதோ கடந்திருந்தது. டெஸ் நேரத்தைத் தள்ளி வைத்திருந்தாள். வங்கிகள் மாலைவரை ஏற்கும். ஆனால் மாலை காத்திருக்காது. வாங்குபவள் விற்பவர் தரப்புத் திரையைப் பார்க்கலாகாது என்று ரேலீன் நடைவழியில், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அங்கிருந்தே பாடம் நடத்தினாள்.

"சாவியைச் செருகுங்க. செருகியாச்சா? இப்போ நம்பர் கேக்கும். போடுங்க."

உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு ரென்னிக்கின் குரல். "கோரல், என் நம்பர் என்ன?"

ரேலீன் கண்ணை மூடிக்கொண்டாள். கோரலுக்குத் தெரிந்த எண்ணால் போடும் கையெழுத்து அவருடையது ஆகாது. அதை இப்போது சொன்னால் இழப்பு யாருக்கு என்பதும் அவளுக்குத் தெரியும். சொன்னாள்.

"அந்த நம்பரைப் போட்டு, முதல்ல வேற நம்பரா மாத்துங்க. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கணும். கோரல், நீ வெளியே வா."

கோரலும் வந்து அவளருகில், முதுகைக் காட்டி நின்றாள். உள்ளே விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் ஓசை கேட்டது.

"ஏழு... ரெண்டு... ரெண்டு..."

"சத்தமா சொல்லாதீங்க!" என்று இரு பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

"சொல்லாம எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? சரி, முதல்லேர்ந்து."

முதலிலிருந்து போட்டார். உறுதி செய்ய மறுமுறை கேட்டபோது மறந்துபோயிற்று. இன்னொரு எண் போட்டார். வாய் திறவாமல் எண்ணுவதற்காக அவர் மூச்சை அடக்கியது நடைவழிவரை கேட்டது. ஜாக்கோ தொலைபேசியில் அழைத்தான். இதற்குமேல் நின்றால் காத்திருப்புக் கூலி என்றான். ரேலீன் அழைப்பைத் துண்டித்தாள்.

கடைசியில், "ஏதோ நீலமா மாறிடுச்சு!" என்று உள்ளிருந்து வெற்றிக் குரல் எழுந்தது. திரையில் அவரே இட்ட முதல் கையெழுத்து அது. அடுத்த கணமே டெஸ் அழைத்தாள். "வந்துடுச்சு ரேலீன், பார்த்தேன். ஆனா பேங்க் மூடிட்டாங்க. இனிமே திங்கக்கிழமை காலையிலதான். மன்னிச்சுக்கோ."

ரேலீன் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தினால் கொஞ்சம் தேவலை என்று இருந்தது, கத்தத் தெம்பில்லை. தெருவில் நிற்கும் குடும்பம் இம்முறை அவளே.

ரென்னிக் வெளியே வந்து அவளைப் பார்த்தார். உள்ளே திரும்பி, தொலைபேசியை எடுத்தார். "ஹாடோ, நான்தான். அந்தப் பொண்ணு இன்னைக்கே குடி வந்துடட்டுமே, திங்கக்கிழமை கிரயம் ஆயிடும்... ஆமா... இல்ல, எல்லாம் என் தப்புதான்." பிறகு மூடிய பேனாவைத் திறந்து, வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினார். கிரயம் முடியும்வரை வாங்குபவர் வீட்டில் தங்க விற்பவர் அனுமதி தருகிறார் என்று, ஒரு பக்கத்துக்குள், ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதி முடித்தார். ரேலீன் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினாள். கேட்ட டெஸ், "ஒரு சொல் மாத்த வேண்டாம். கையெழுத்துப் போடு," என்றாள்.

ரென்னிக் தாளைத் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"இது எங்க இருக்குன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. இதோ, மேசைமேல இருக்கு."

 அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளுக்கு அன்றைய எரிச்சல்களிலெல்லாம் பெரிய எரிச்சல். நீல மையில் கையெழுத்திட்டாள். கோரல் சாட்சி போட்டாள். சாவி வந்தது, ஜாக்கோ முனகிக்கொண்டே கட்டிலை இறக்கினான்.

திங்கட்கிழமை காலையில், எலுமிச்சை மரத்தடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது.

"ரேலீன், இங்க திரையில எல்லாம் பச்சையா வந்திருக்கு. நானே உள்ளே போய்ப் பார்த்தேன், கோரல் இல்ல. இப்போ என்ன பண்ணணும்?"

வீடு அவளுடையதாகிவிட்டது. மண் படிந்த கையோடு அவள் எழுந்து நின்றாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் டூகல். முடிஞ்சுது. எதையும் தொடாதீங்க."

"தொடலைம்மா, தொடலை," என்றார் அவர். அந்தக் குரலுக்குப் பின்னால், கணினியின் அச்சுப்பொறி ஒரு தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஓசை தெளிவாகக் கேட்டது.