கூலிங் அண்ணனுக்கு மட்டும் குளிர்

கூலிங் அண்ணனுக்குக் குளிரெடுக்கிறது என்று சொன்னால் கடைத்தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். துணிக்கடை, வங்கி, பல் டாக்டர் அறை என்று ஊரில் பாதியைக் குளிரவைத்தவரே அவர்தான். ஏசி மெக்கானிக். ஏசி காற்றில் உள்ளங்கையைக் காட்டியே "கேஸ் கம்மி" என்று சொல்லிவிடுவார். அப்புறம் வாடிக்கையாளரின் மனத் திருப்திக்காகச் சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து நீட்டுவார். அது ஒரு நாளும் அவரைக் கைவிட்டதில்லை.

போன வருஷம் சிறுநீரகம் இரண்டும் படுத்துக்கொண்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த ஆபரேஷன் இன்னும் தேறவில்லை. அதுவரைக்கும் மார்பில் ஒரு குழாய். தோலுக்கடியில் ஏறி, கழுத்து நரம்பில் நுழைந்து, இதயத்தின் வாசலில் போய் நிற்கும். வெளியே தொங்குகிற பக்கம் இரண்டு கிளை, ஆளுக்கொரு கிளிப், ஆளுக்கொரு மூடி.

"நானே இப்ப ஸ்ப்ளிட் ஏசிதான். இண்டோர் நெஞ்சுக்குள்ள, அவுட்டோர் கட்டிலோரம், நடுவுல பைப்பு" என்பார். நர்ஸுகளே சிரித்துவிடுவார்கள்.

சிரிக்காதவர் பக்கத்துக் கட்டில் டீச்சர் மட்டும். ஓய்வுபெற்றவர், எப்போதும் புழுக்கம் என்பவர். இந்தக் கோடையில் இருவருக்கும் ரிமோட் யுத்தம் மூண்டது. டயாலிசிஸ் மிஷின் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் போனதும் அண்ணனுக்கு முதுகுத்தண்டில் குளிர் ஏறும். பல் தந்தியடிக்கும். கட்டில் கடகடக்கும். அவர் ரிமோட்டைப் பிடுங்கிக் கூட்டுவார். டீச்சர் பிடுங்கிக் குறைப்பார்.

"தம்பி, மே மாசத்துல ஸ்வெட்டர் போட்ட முதல் ஆள் நீங்கதான்."

"ஏசியை யாரோ தப்பா மாட்டியிருக்கான் டீச்சர். காத்து நேரா என் மேலயே விழுது."

அண்ணன் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. "ஊரையெல்லாம் நடுங்க வெச்சீங்கல்ல, அதான் திரும்ப வருது."

வீட்டுக்குப் போனால் ஒன்றுமில்லை. சாப்பிடுவார், தூங்குவார், மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அதனால் ஏசியைத் தவிர வேறெதன் மேலும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டார். கோடையில் படுத்துக்கொள்ளும் ஏசி மெக்கானிக்கை அடுத்த கோடையில் யார் கூப்பிடுவார்கள்? நடுக்கம் வந்தால் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, காய்ச்சல் மாத்திரை ஒன்றைச் சிஸ்டர் பார்க்காதபோது விழுங்கிவிடுவார்.

ஒரு நாள் டீச்சரை ஒரேயடியாக மடக்கிவிடுவதென்று வெப்பமானியைக் கொண்டுவந்தார். உடம்பு உதறத் தொடங்கியதும் மனைவியை நாற்காலி மேல் ஏற்றினார். "காத்து வர்ற இடத்துல பிடி. நல்லாப் பிடி. இப்பப் படி."

"இருபத்தேழு."

"சரியாப் பாரு."

"இருபத்தேழுதாங்க. நம்ம வீட்டு ஃபேன் காத்தே இதைவிட நல்லாருக்கும்."

டீச்சர் கைகொட்டிச் சிரித்தார். "உங்க சாட்சியே உங்களுக்கு எதிரா சொல்லுதே தம்பி!"

அண்ணன் சிரிக்கவில்லை. வெப்பமானியை வாங்கிப் பார்த்தார். ஏசி பொய் சொல்லும், வாடிக்கையாளர் பொய் சொல்வார், இது சொல்லாது. அப்படியானால் இந்தக் குளிர் எங்கேயிருந்து வருகிறது? பல் கிட்டிக்கொண்டிருக்க, மெதுவாகக் கூப்பிட்டார். "சிஸ்டர்... குளிர் வெளியேயிருந்து வரல."

சிஸ்டர் நெற்றியில் கைவைத்தார். அனலாகக் கொதித்தது. "எத்தனை நாளா அண்ணே?"

"ரெண்டு வாரமா... மிஷின் போட்டா மட்டும்."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். டாக்டரம்மா வந்தார். மார்புக் குழாயிலிருந்து கொஞ்சம், கையில் குத்திக் கொஞ்சம் என்று ரத்தம் எடுத்துத் தனித்தனிக் குப்பிகளில் நிரப்பினார்கள். லேபில் இரண்டையும் ஒரே பெட்டியில் கதகதப்பாக வைப்பார்களாம். கிருமி பெருகினால் பெட்டி கூப்பிடும். எந்தக் குப்பி ரொம்ப முந்திக் கூப்பிடுகிறதோ அந்தப் பக்கம்தான் கிருமியின் வீடு.

மறுநாள் குழாயின் குப்பி வெகு முன்னதாகக் கூப்பிட்டுவிட்டது.

டாக்டரம்மா மனைவியிடம் ஒளிக்கவில்லை. "கிருமி ரத்தத்துல போயிட்டிருக்கு. இதய வால்வுல போய் உட்கார்ந்துட்டா உயிருக்கே ஆபத்து. குழாயை எடுத்தாகணும். ஸ்கேன்ல என்ன வருதுன்னு பார்ப்போம்." வாய் ஓயாத அந்த அம்மாள் அன்று முழுக்க புருஷனின் ஸ்வெட்டரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

எடுத்த குழாயை அண்ணன் காட்டச் சொல்லிப் பார்த்தார். வழவழவென்று சுத்தமாகத்தான் இருந்தது. "இதுலயா?"

ஸ்கேனில் வால்வு தப்பியிருந்தது. அந்த நிம்மதியில் டாக்டரம்மா அவரைச் சக்கர நாற்காலியோடு லேபுக்கே கூட்டிப்போனார். சிவப்பான ஒரு வட்டத்தட்டு. குழாயின் நுனியை வெட்டி அதன் மேல் உருட்டி வைத்திருந்தார்களாம். உருண்ட தடம் நெடுகப் பொன்னிறப் புள்ளிகள் முளைத்திருந்தன. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கொத்துக் கொத்தாய்த் திராட்சை. ஒன்றின் மேல் ஒன்று, நெருக்கியடித்து.

"ஒரு புள்ளியில எத்தனை இருக்கும்மா?"

"லட்சக்கணக்குல."

அண்ணன் கண்ணை எடுக்கவேயில்லை.

"குழாய்க்குள்ள ஒட்டிக்கிட்டு, மேல கோந்து மாதிரி ஒரு கூரை போட்டுக்கும்" என்றார் டாக்டரம்மா. "மருந்து கூரை மேலயே ஓடிடும். மிஷின் போட்டதும் ரத்தம் வேகமா ஓடுமில்ல, அப்ப கொஞ்சம் பிய்ச்சுக்கிட்டு உள்ளே கிளம்பும். அதான் உங்க குளிர்."

"ஏசித் தண்ணி போற பைப்புலயும் இப்படித்தான்மா. வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே கொழகொழன்னு ஒட்டியிருக்கும். எவ்வளவு தண்ணி அடிச்சாலும் போகாது." குரல் தாழ்ந்தது. "அதுங்கதான் இதுங்களா? வருஷக்கணக்கா சனியன்னு திட்டியே கழுவியிருக்கேன். எப்படிக் கட்டியிருக்குதுங்க, வீடு!"

கட்டிலுக்குத் திரும்பியதும் சிஸ்டர் கேட்டார். "வீட்ல மூடியைத் தொட்டீங்களா அண்ணே?"

மனைவி விட்டத்தைப் பார்த்தார்.

"ஒரு மூடி லூசான மாதிரி இருந்துச்சு சிஸ்டர். பைப்புக்குச் சுத்துற வெள்ளை டேப் இருக்கில்ல, அதைச் சுத்தி இறுக்குனேன். இங்க வர்றப்ப பிரிச்சுட்டேன். கிளிப் போட்டுட்டுதான் திறந்தேன்!"

சிஸ்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கையைக் கழுவுனீங்களா?"

அண்ணன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு.

"அது வழியாத்தான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா அதுங்களுக்கு அவ்வளவு கதவு போதும்."

ஊசி மருந்து தொடர்ந்தது. இடையில் தொடைவழியாக ஒரு தற்காலிகக் குழாய் வைத்து டயாலிசிஸை ஓட்டினார்கள். ரத்தம் சுத்தம் என்று லேப் சொன்ன பிறகு மறுபக்க மார்பில் புதிதாக ஒன்று வைத்தார்கள்.

அதில் முதல் டயாலிசிஸ். சிஸ்டர் மருந்துப் பஞ்சால் மூடியின் ஒவ்வொரு மரையையும் தேய்த்தார். அண்ணன் முகக்கவசம் போட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு விடலாம் அண்ணே."

"நீங்க மூடுங்க, அப்புறம் விடுறேன்."

மிஷின் சுற்றியது. வழக்கமாகக் குளிர் ஏறும் நேரம் நெருங்கியது. மனைவி ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தார். டீச்சர் யாரும் கேட்காமலே ரிமோட்டை அண்ணன் பக்கம் தள்ளிவைத்தார். அந்த நேரம் வந்தது. தாண்டியது. அண்ணன் தன் கைகள் இரண்டையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஆடவில்லை. நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தார். வியர்வை.

ரிமோட்டை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"ரெண்டு பாயின்ட் குறைங்க டீச்சர். புழுங்குது."