தங்கச்சி ஊறவைத்த கேக் பழம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கச்சியின் மூத்த அண்ணன் எழுதுவது. எழுதுவது என்று சொன்னாலும், கதிரையில் இருந்து எழுத எனக்கு ஏலாது. நான் கடைக்குள் நடந்து நடந்து சொல்ல, தங்கச்சியின் மகள், அதாவது என் மருமகள், தட்டச்சு செய்கிறாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒன்று, மோர்டனில் ஒன்று, வால்தம்ஸ்டோவில் ஒன்று என்று மூன்று கடைகளை ஒருவருடைய தயவும் இல்லாமல் எழுப்பியவன். ஒரு கட்டுரை சொல்ல எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தங்கச்சியை வீட்டில் நான் நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இந்த மலரில் மரியாதையாகப் போடச் சொல்லியிருக்கிறேன். உயிரோடு இருந்தால் இதை வாசித்துச் சிரித்திருப்பார்.

யாழ்ப்பாணம் குருநகரில், கடற்றொழில் செய்த குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளில் கடைசியாகத் தங்கச்சி பிறந்தார். அம்மா நோயில் படுத்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்குக் கையில் எடுத்த அகப்பையை அவர் பிறகு கீழே வைக்கவில்லை. சண்டைக்குள் குடும்பம் ஊர் ஊராக ஓடியது. போன இடமெல்லாம் மூன்று கல்லை வைத்து அடுப்பாக்கி, மாதா படத்தை ஒரு ஆணியில் கொழுவி, அந்த இடத்தை வீடாக்கிவிடுவார் என்று கூட ஓடியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நான் அதற்கு முன்பே லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு மச்சானைக் கலியாணம் செய்து ஜேர்மனிக்குப் போனார். அங்கே நாலாம் மாடியில் ஒரு வீடு. மண் என்றால் பூச்சாடிக்குள் இருப்பது மட்டும்தான். மருமகள் பிறந்து வளர்ந்தது அங்கேதான். என் முதல் கடை நிமிர்ந்ததும், இங்கே வந்துவிடுங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன். மிச்சத்தில், ட்ராம் ஓடும் பாதைக்குப் பின்னால், வரிசையில் கடைசி வீட்டை நான்தான் தேடிப் பிடித்தேன். சுவரில் ஈரம், கூரை ஒழுக்கு, குசினி இருட்டு. விலையைக் குறைக்க நான் ஏஜென்டோடு மேலே நின்று வாதாடிக்கொண்டிருக்க, தங்கச்சி பின்கதவைத் திறந்து வெளியே தோட்டத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சொன்னார்:

"அண்ணை, வீட்டைப் பிறகு பாப்பம். வளவைப் பாத்திட்டன். எனக்கு அது காணும்."

இந்த இடத்தில் மருமகள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"மாமா, இது அம்மாவைப் பற்றின கட்டுரை. உங்கட கடையையும் நீங்கள் பிடிச்ச வீட்டையும் பற்றினது இல்லை."

"உன்ரை அம்மா நட்ட கறிமிளகாய்க்கும் நான்தான் விதை குடுத்தனான். அதையும் எழுது" என்றேன். எழுதிவிட்டாள்.

அந்த வளவில்தான் தங்கச்சியின் வருடம் ஓடியது. அவருக்கு வருடம் என்பது கோயில் நாட்காட்டிதான். மூன்று இராசாக்கள் திருநாளுக்கு அடுத்த நாள் பாலன் குடிலைக் கழற்றி, அதே வைக்கோலைக் கோழிக்கூட்டுக்குள் போடுவார். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கஞ்சி. அந்தக் கஞ்சிக்கு ஆள் கூடக்கூடப் பானையும் பெருத்தது. உயிர்த்த ஞாயிறுக்குக் கோழிகள் நன்றாக முட்டை போடத் தொடங்கிவிடும். மாதாவின் மாதமான மே மாதத்தில் யன்னல் ஓரமெல்லாம் அவரை, பயிற்றை, மரோப் பூசணி நாற்று. வெயில் கண்ட நாலு கிழமைக்குள் கராஜ் கூரையில் மோர் மிளகாய், வடகம். மழை வந்தால் ஏணி வைத்து ஏறி இறக்குவது மச்சான். நான் போகும்போதெல்லாம் அவர் ஏணியில்தான் நிற்பார்.

இவ்வளவும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே ஒரு பொருளில்தான். அது அந்தக் கேக்.

மாதாவின் பிறந்தநாளை ஒட்டி மரோக்காயை வெட்டிச் சீனிப்பாகில் போடுவார். நீத்துப்பூசணிக்குப் பதிலாக இந்த ஊரில் அவர் கண்டுபிடித்தது அது. ஒக்டோபர் மாதம் முழுவதும் அவர் வீட்டில் செபமாலை. கடைசி நாள் செபம் முடிந்து, அவித்த கடலை சாப்பிட்டு, தேநீர் குடித்த பிறகு ஒருவரையும் எழும்ப விடமாட்டார். ஆளுக்கு ஒரு பலகையும் சின்னக் கத்தியும் வரும். முந்திரிகை வத்தல், பேரீச்சம்பழம், கஜு, செரி எல்லாவற்றையும் எல்லோரும் இருந்து வெட்ட வேண்டும். மோர்டனில் இருந்து வரும் சைவ சமயச் சிநேகிதிகளும் இருந்து வெட்டினார்கள். வெட்டிய பழம் முழுவதும், என் முதல் கடையில் டொபி போட்டு வைத்திருந்த பெரிய கண்ணாடிப் போத்தலுக்குள் போகும். மேலே பிராந்தி. ஞாயிறு தோறும் பூசையால் வந்ததும் போத்தலைத் தலைகீழாக வைத்துத் திருப்புவார். கிறிஸ்து அரசர் திருநாள் முடிந்த கிழமையில் கேக் அடிப்பார். கிறிஸ்மஸ் நாளான நத்தாருக்கு முன்னால், பழம் வெட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டாவது போய்ச் சேரும்.

பாகில் ஊறிய இஞ்சியை மட்டும் ஒருவரிடமும் கொடுக்கமாட்டார். "நீங்கள் பெரிசு பெரிசா வெட்டிப்போடுவியள்" என்று தானே இருந்து வெட்டுவார்.

போன வருடம் செபமாலை முடிவன்று அவருக்கு நிற்க ஏலாது. நோய் முற்றிவிட்டது. போர்வையைப் போர்த்துக் கதிரையில் இருத்தினோம். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் வெட்டினீர்கள். அன்றைக்கு வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், இஞ்சியை மட்டும் அவர் மடியில் பலகையை வைத்துத் தானே வெட்டினார். நான் வாங்கப் போனேன். தரவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. நான் காலையில் ஒரு கடை, மத்தியானம் ஒரு கடை, நடுவில் ஆஸ்பத்திரி என்று வான் வண்டியில் ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மருமகளும் நானும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னார்:

"பழத்தைக் கொட்டிப்போடாதேங்கோ. ஆரார் வெட்டினவையோ, அவைக்கு அது போகவேணும்."

நான் சொன்னேன், நீயே வந்து அடித்துக் கொடுப்பாய் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேக் அடிக்க வேண்டிய அந்தக் கிழமையிலேயே, நற்கருணை வாங்கி, நோயில்பூசுதலும் பெற்று, ஆண்டவரிடம் போனார்.

மரணம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரம் செய்வதில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நத்தாருக்குச் செய்யலாமா என்று மருமகள் கேட்டாள். மச்சான் வேண்டாம் என்றார். மூத்தவன் என்ற முறையில் நானும் பொறு என்றேன். ஆனால் தங்கச்சியின் வார்த்தை என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. பழம் பழுதாகிவிடுமோ என்று நத்தார் அன்றும் அந்த வீட்டுக் குசினிக்குள் போய்ப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன்.

தை மாதம் ஒரு காலை, கடையில் ஆட்கள் நிறைந்து நிற்கும் நேரம், மருமகள் போன் எடுத்தாள்.

"மாமா, அப்பா போத்தலைக் கொண்டுபோய் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில வச்சிட்டார். இண்டைக்குக் குப்பை எடுக்க வருவினம்."

காசுப்பெட்டியைப் பூட்டாமல் ஓடிய நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். குப்பை லொறி அந்தத் தெருவின் மற்ற மூலையில் நிற்கிறது. போத்தலைத் தூக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் குசினிக்குள் வர, மச்சான் மேசையில் இருந்தார். நான் சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன்.

"காலமை எழும்பி வந்தா, அது யன்னலில இருந்து என்னைப் பாக்குது. என்னால ஏலாது" என்றார் மச்சான்.

போத்தலை மிச்சம் கடைக்குக் கொண்டுவந்து, கல்லாவுக்குப் பின்னால் அந்தோனியார் படத்துக்குக் கீழே வைத்தேன். ஞாயிறு தோறும் நானே திருப்பினேன். வெயில் காலத்தில் பிராந்தி இறங்கிப்போனது. இருந்ததிலேயே திறமான பிராந்திப் போத்தலை உடைத்து ஊற்றினேன். இது என்ன ஊறுகாயோ, என்ன விலை என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். விற்காத சாமான் ஒன்றைக் கடையில் வைத்தது அதுதான் முதல் தடவை.

இந்த வருடம் கோடை முடியும்போது மருமகள் வந்தாள். ஓராண்டு நினைவுத் திருப்பலி முடிந்த பிறகு அடித்தால், பழம் வெட்டிய ஆட்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முன்னதாக அடிக்க வருடம் முடியவில்லை. என்ன செய்வது என்று கேட்டாள். வழக்கம் மரணம் நடந்த வீட்டுக்குத்தான், கடைக்கு இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ரோல்ஸ், பற்றிஸ் சூடாக்கும் என் அவண் அடுப்பு கடைக்குப் பின்னால் சும்மாவா இருக்கிறது?

கேக் அடிக்கும் நாள் நெருங்க, அடுத்த பிரச்சினை அளவு. தங்கச்சி ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. மருமகளுக்கு எதற்குப் பிறகு எதைப் போடுவது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. நான் நின்ற நிலையில் சொன்னேன், ரவை இவ்வளவு, பட்டர் இவ்வளவு, சீனி இவ்வளவு, எசன்ஸ் இன்ன அளவு என்று. வருடா வருடம் பெட்டி கட்டிக் கொண்டுபோய் இறக்கியவன் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் முட்டையில் நான் நின்றுவிட்டேன். முட்டை என் கடையில் இருந்து போகவில்லை. அது அவருடைய கோழியின் முட்டை.

மச்சான் ஒரு மூலையில் நின்றவர், "முட்டை முப்பது" என்றார். "மஞ்சள் கரு முழுக்கப் போகும். வெள்ளை பாதிதான். உடைச்சுக் குடுக்கிறது நான்."

குளிர் தொடங்கினால் கோழி முட்டை போடுவது குறையும். காணாவிட்டால் கடையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவருகிறேன் என்று சொன்னேன்.

"கடை முட்டை வேண்டாம், மச்சான்" என்றார். அந்த வருடத்தில் அவர் எனக்கு மறுப்பாகச் சொன்ன முதல் வார்த்தை. அடுத்த நாளில் இருந்து காலையில் எழும்பிக் கூட்டுக்குப் போகத் தொடங்கினார். முப்பதும் சேர்ந்த அன்று, மழைக்குள் ட்ராமில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வானை அனுப்புகிறேன் என்றேன், குலுக்கும் என்றார்.

போன கிழமை கடையை நேரத்தோடு மூடிவிட்டு அடித்தோம். மச்சான் உடைத்தார், மருமகள் அடித்தாள், போத்தலைக் கவிழ்த்தது நான். அவண் பூட்டிய பிறகு எனக்கு இருக்க ஏலாமல் போய்விட்டது. திறந்து பார்த்தேன். திரும்பவும் திறந்து பார்த்தேன்.

"மாமா, அதை இன்னொருக்காத் திறந்தியளெண்டா உங்களை வெளியில விட்டுப் பூட்டிப்போடுவன்" என்றாள் மருமகள், என் சொந்தக் கடைக்குள் வைத்து.

"உன்ரை கொம்மாவும் இவரை இப்பிடித்தான் கலைக்கிறவ" என்றார் மச்சான்.

தங்கச்சியை நோயில் தாங்கிய தாதிமாருக்கும், ஆஸ்பத்திரிக்கு நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், மச்சானால் ஏலாத மாதங்களில் கோழிக்குத் தீன் போட்ட பக்கத்து வீட்டு ஐரிஷ் அம்மாவுக்கும், முப்பத்தோராம் நாள் வரை மச்சானுக்கும் மருமகளுக்கும் சாப்பாடு கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டுக்கும், அடக்கத்தன்று குளிரில் நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரோடு ஆளுக்கு ஒரு சிறு பொட்டலம் தந்திருக்கிறோம். எண்ணெய்த்தாளில் சுற்றியது மருமகள். கேக் நடுவில் கொஞ்சம் இறங்கியிருக்கும், அவண் கதவைத் திறந்தது நான். முந்திரிகையும் பேரீச்சம்பழமும் கஜுவும் செரியும் போன வருடம் நீங்கள் வெட்டியவை, உங்களிடமே திரும்பி வந்திருக்கின்றன. சாப்பிடும்போது நாக்கில் ஓரிடத்தில் காரமாகப் படும். அது இஞ்சி. அதைத் தங்கச்சி வெட்டினார்.