பிடித்து வைத்த எஸ்.எஸ்.எல்.சி. புக்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை கொட்டிய ஒரு ஜூலை மாதம். அப்போது நான் மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில் ஒரு சின்னத் தையல் கூடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் முன்பகுதி. நான்கு தையல் மெஷின், துணி ஓரம் பிசிறாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை. பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்போம். அங்கே சுக்கு மூட்டை அடுக்குவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் மழை பிடித்தால் சுவரிலிருந்து சுக்கு வாசம் கிளம்பும். நாங்கள் தைத்த சட்டைகளிலும் லேசாக ஏறியிருக்கும். அந்தச் சட்டை போட்டால் பிள்ளைகளுக்கு ஜலதோஷமே வராது என்று ஒரு டீச்சர் கேலி செய்வார்.

என்னிடம் ஐந்து பெண்கள் வேலை செய்தார்கள். காலை பதினொரு மணிக்கு எதிர்க்கடையிலிருந்து சாயா வரும். மெஷின்கள் நின்றதும் பேச்சு ஆரம்பிக்கும். பாதி தமிழ், பாதி மலையாளம். மாமியார் கதை, சினிமாக் கதை, சீட்டுப் போட்டு வாங்கிய மிக்ஸி ரிப்பேரான கதை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகி, வீட்டுக்குப் போயும் நான் கத்தித்தான் பேசுவேன். எல்லாரும் என்னை அக்கா என்ற அர்த்தத்தில் சேச்சி என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி வீட்டு மரத்தில் காய்த்த முதல் பலாவில் எனக்குப் பங்கு வரும். இன்னொருத்தி பிள்ளைக்கு நான்தான் பெயர் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த வருடங்கள் எவை என்று கேட்டால் யோசிக்காமல் அவற்றைத்தான் சொல்வேன்.

இந்தக் கதையில் நான் செய்த தப்பு அந்த ஜூலைக்கும் முன்பே ஆரம்பித்தது. கூடம் தொடங்கிய முதல் வருடம் இரண்டு பெண்கள் என்னிடம் தொழில் பழகிவிட்டு, சரியாக மே மாதம், சீருடை வேலை தலைக்கு மேல் இருந்த சமயத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டு பள்ளிக்கூடங்களில் பேச்சு வாங்கினேன். அப்போது இதே தொழில் செய்த ஒரு அம்மா எனக்கு ஒரு வழி சொன்னார். வேலைக்குச் சேரும் அன்றே எஸ்.எஸ்.எல்.சி. புக்கை வாங்கி வைத்துக்கொள், அது உன் கையில் இருக்கும்வரை எங்கேயும் போக மாட்டார்கள் என்றார். பத்தாம் வகுப்புச் சான்றிதழை இங்கே புக் என்றுதான் சொல்வார்கள். வயதுக்கும் படிப்புக்கும் பெயருக்கும் அதுதான் அத்தாட்சி.

அன்றிலிருந்து யார் சேர்ந்தாலும் ஒரிஜினலை வாங்கி வைத்தேன். "இங்கே பத்திரமா இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். ஒருத்தரும் மறுக்கவில்லை. அதனால் அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள் அப்போது இருபத்தாறு வயதுப் பெண். அவள் அப்பா அம்மா தேனிப் பக்கத்திலிருந்து காய்கறி வியாபாரத்துக்காக வந்து இங்கேயே தங்கியவர்கள். இவள் பிறந்தது, படித்தது எல்லாம் கொச்சியில். தமிழ் பேசுவாள், ஆனால் எழுதப் படிக்க மலையாளம்தான். கணவர் ஆட்டோ ஓட்டினார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் கையில் ஓடிய துணியில் ஒரு நூல் பிசிறு பார்க்க முடியாது.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் வந்து நின்றாள். களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் தையல் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், இவளுக்கு இன்டர்வியூ முடிந்துவிட்டது, அடுத்த புதன்கிழமை ஒரிஜினலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றாள். நிரந்தர வேலை. பி.எப். உண்டு. போகவர பஸ் உண்டு.

பிந்தி வந்த இரண்டு ஆர்டர்கள் பாக்கி இருந்தன. ஓவர்லாக்கில் வேறு யாரும் அவ்வளவு வேகமாக ஓட்ட மாட்டார்கள். "தேடி எடுத்துத் தர்றேன்" என்றேன். அது எந்த இழுப்பறையில் இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். சாவி வீட்டில் இருப்பதாகச் சொன்னேன். சனிக்கிழமை மூன்றாவது முறை கேட்டபோது, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். உண்மையைச் சொன்னால், புதன்கிழமை தாண்டிவிட்டால் அவளே மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. "செரி சேச்சி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கனமழை. அதோடு கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. இங்கே அப்படி ஆகும்போது காயலுக்குப் போக வேண்டிய ஓடைத் தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் வரும். திங்கட்கிழமை காலையில் நான் கதவைத் திறந்தபோது கூடத்துக்குள் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். துணிகளை மேலே அடுக்கியிருந்ததால் தப்பின. மர அலமாரியின் கடைசி இழுப்பறை மட்டும் தண்ணீரில் மூழ்கியிருந்தது.

ஐந்து புக்குகளும் அதில்தான் இருந்தன. நான்கை நான் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தேன். அவள் கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் அவளுடையது மட்டும் வெறும் காகித உறையில் இருந்தது. எடுத்தபோது களி மாதிரி கையில் வந்தது. போட்டோ அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மார்க் இருந்த பக்கத்தில் நீல மை கரைந்து ஓடியிருந்தது.

அந்த நிமிடத்தில் என் மனதில் வந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் அதை வாங்கியதற்கு ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. 'என்னிடம் தரவே இல்லையே, உன் வீட்டில் தேடிப் பார்' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அவளால் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. திரும்பிப் பார்த்தால் வாசலில் அவள் நிற்கிறாள். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

அழவில்லை. என்னைத் திட்டவில்லை. தண்ணீரில் நடந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினாள். மேஜையில் வெள்ளை லைனிங் துணியை விரித்து, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலே இன்னொரு துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். பெயரும் பிறந்த தேதியும் தேறின. பதிவு எண்ணில் பாதி தெரிந்தது. மார்க் பக்கம் போனது போனதுதான்.

"மற்றன்னாள், புதன்கிழமை, வெரிபிக்கேஷன்" என்றாள், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணவருக்கு போன் செய்தேன். டூப்ளிகேட் வாங்க அஃபிடவிட் வேண்டும், வக்கீலைப் பார் என்றார். கூடத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு பஸ் பிடித்துத் தோப்பும்படி கோர்ட் பக்கம் போனேன். அங்கே ஒரு பெண் வக்கீல், என் வயதுதான் இருக்கும், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர், "அவ புஸ்தகம் உங்க கடைக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்கட்டும்னு வெச்சிருந்தோம்" என்றேன்.

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "நீயா குடுத்து வெச்சயா?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமா மேடம். வீடு ஒழுகும். அதான் நானே சேச்சி கையில குடுத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புக்கை நாசமாக்கியிருக்கிறேன், அவள் வேலைக்கே உலை வைத்திருக்கிறேன், அவள் என்னைக் காப்பாற்றுகிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார்ந்து பொய் சொல்ல முடியவில்லை. "இல்லை மேடம். வேலையை விட்டுப் போயிடக் கூடாதுன்னு நான்தான் வாங்கி வெச்சேன். மூணு தடவை கேட்டா. நான் தரலை" என்றேன்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "ஒரிஜினலை நீங்க பார்க்கலாம். காப்பி எடுத்து வெச்சுக்கலாம். அப்பவே திருப்பிக் கையில குடுத்துடணும். அதைப் பிடிச்சு வெச்சு வேலை வாங்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. பத்திரமா இருக்கட்டும்னு வெச்சதா எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, பொய் அஃபிடவிட்னு அது வேற குற்றமாயிருக்கும்."

முதலாளி. அதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நான் என்னைச் சேச்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தொழில் கத்துக்கிட்டு சீசன் நடுவுல போயிட்டா நான் என்னதான் செய்யறது?" என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"சேரும்போது லெட்டர் குடுங்கோ. சம்பளம், நேரம், லீவு, விட்டுப் போறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்னு அதுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கோ. அது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதுக்கு இல்லை." பிறகு அவளிடம், "நீ விரும்பினா இவங்க மேல புகார் குடுக்கலாம், தெரியுமோ?" என்றார்.

"அது பின்னே ஆலோசிக்கறேன் மேடம். இப்ப பேப்பர் கிட்டினா மதி, அது போதும்."

அன்று இரண்டு அஃபிடவிட் தயாராயின. ஒன்று அவள் பெயரில். மற்றது என் பெயரில்: அவளுடைய சான்றிதழை நான் வாங்கி வைத்திருந்தேன், என் பொறுப்பில் இருந்தபோது வெள்ளத்தில் நாசமாயிற்று என்று. என் பெயர், கடை விலாசம், கணவர் பெயர் எல்லாம் அதில் உண்டு. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக நீ அப்படிச் சொன்னதை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்" என்றேன்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சேச்சிக்கு வேண்டிச் சொன்னதில்லை. சேச்சிக்கு தேஷ்யம் வந்து, கோபத்துல கையெழுத்துப் போடலைன்னா நான் எங்க போவேன்? பயந்துதான் சொன்னேன்."

"என்னைப் பார்த்து உனக்கு என்ன பயம்?"

"எல்லாருக்கும் உண்டு சேச்சி. புக் சேச்சி கையிலல்லே இருக்கு."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம், எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்பது போலச் சொன்னாள்.

மறுநாள் அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய், பதிவேட்டைப் பார்த்து மார்க்கும் பதிவு எண்ணும் குறித்த ஒரு கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் வாங்கினோம். புதன்கிழமை களமசேரிக்கும் கூடவே போனேன். தொழிற்சாலை வாசலில் அவள் நின்று, "சேச்சி வெளியே இருந்தா மதி" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். நான் மழையில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். அஃபிடவிட்டையும் கடிதத்தையும் ஏற்றுக்கொண்டார்கள், டூப்ளிகேட் கொண்டுவர ஒரு மாதம் அவகாசம் என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்த ஒரு மாதமும் டூப்ளிகேட்டுக்காக நான் அலைந்தேன். பள்ளிக்கூடம், கட்டணம் கட்டக் கருவூலம், மறுபடி பள்ளிக்கூடம். இருபத்தாறாம் நாள் கைக்கு வந்தது. நேராக அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, மார்க் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உட்காரச் சொன்னாள். புகார் அவள் கொடுக்கவே இல்லை. மன்னித்தாளா என்று நான் கேட்கவும் இல்லை. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

மற்ற நான்கு புக்குகளை, வக்கீலைப் பார்த்த மறுநாள் காலையிலேயே அவரவர் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கி வைத்தது தப்பு என்றும் சொன்னேன். மூத்தவள் தன்னுடையதைச் செய்தித்தாளில் சுற்றி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய் வைத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். அடுத்த மாதம் ஒருத்தி வேலையை விட்டுப் போனாள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனாள். மற்ற மூவரும், நான் முதுகுவலி தாங்காமல் கூடத்தை மூடும்வரை என்னோடு இருந்தார்கள். அவர்களுக்கும் பிறகு சேர்ந்தவர்களுக்கும் மலையாளத்தில் எழுதிய வேலைக் கடிதம் கொடுத்தேன்.

இப்போது அந்தக் கட்டிடத்தில் வெளியூர்க்காரர்களுக்கான காபிக் கடை நடக்கிறது. அந்தப் பக்கம் போனால் இன்றும் கால் தானாக நிற்கும். ஐந்து பெண்களும் நானுமாகச் சிரித்த சிரிப்பெல்லாம் காதில் கேட்கும், மனது இனிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பில் எவ்வளவு பிரியம், எவ்வளவு பயம் என்று பிரித்துப் பார்க்க இப்போது வழியில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வரும். அதனால்தான் இன்று என்னிடம் யாராவது சட்டென்று 'சரி' என்று சொல்லிவிட்டால், ஒரு நிமிடம் நின்று, மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு இடம் வைத்திருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.