நெருக்கடி நிலையும் நான் நிறுத்திய கல்யாணமும்

சட்டம் தெரியும் என்று பீற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்தையே நிறுத்தியவன் நான். 1962 ஐப்பசியில், தவளக்குப்பம் டீக்கடையில் உட்கார்ந்தபடியே அதைச் செய்தேன்.

சீனாவோடு சண்டை. நாட்டில் நெருக்கடி நிலை என்று பேப்பரில் வந்திருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்காரர்கள் நாங்கள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தே இரண்டு மாதம்தான். நானோ பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்தக் கொழுப்புக்காக ஊரார் என்னைப் பிரெஞ்சுக்காரனைப் போல 'முசே', அதாவது ஐயா, என்பார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் இப்படி அறிவித்தால் அதிகாரம் ராணுவத்தின் கைக்குப் போகும், கூட்டம் கூட விடமாட்டார்கள் என்று எப்போதோ படித்திருந்தேன். "இங்கயும் அதேதான். நாலு பேர் சேர்ந்தா உள்ள தள்ளிடுவான்" என்று அடித்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவர் அபிஷேகப்பாக்கத்து விவசாயி. அவர் மகளுக்கு ஐந்தாம் நாள் கல்யாணம். மனுஷன் பயந்துபோய், இப்போது வேண்டாம் என்று வில்லியனூர் சம்பந்தி வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டார். "சாக்கு சொல்றாங்க. நாங்க வேற பொண்ணு பாத்துக்கறோம்" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

மறுநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். "இன்னா முசே இப்பிடிப் பண்ணிட்ட? எம் பொண்ணு வாசல் பக்கமே வர மாட்டேங்குது."

நிறுத்தியவன்தான் நடத்தியாக வேண்டும் என்று புதுச்சேரிக்குச் சைக்கிளை மிதித்தேன். தெரிந்த வக்கீலிடம் அரசியல் சட்டத்தை வாங்கி, முதல்முறையாகத் திறந்தேன். பிரிவு 352. போராலோ, அன்னியப் படையெடுப்பாலோ, உள்நாட்டுக் கலவரத்தாலோ நாட்டுக்கு ஆபத்து என்று ஜனாதிபதி கருதினால் அறிவிக்கலாம். பார்லிமெண்டின் இரண்டு சபைகளும் இரண்டு மாதத்துக்குள் ஒப்பாவிட்டால் காலாவதி. கல்யாணத்தைப் பற்றி மூச்சே இல்லை. கூட்டத்தைத் தடுக்கத் தனியாக உத்தரவு வேண்டும், இங்கே அப்படி எதுவும் இல்லை என்றார் வக்கீல்.

அங்கிருந்து நேரே வில்லியனூர். மழை விட்ட வெயிலில் அந்த அம்மா நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தியைப் பயமுறுத்தியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டு, நின்றபடியே முழுப் பிரிவையும் தமிழில் சொன்னேன்.

"தள்ளி நில்லுப்பா, நெல்லு மேல நிழல் வுழுது."

தள்ளி நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சம்மதம் வாங்காமல் நகர்வதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தேன். மூன்றாம் முறை ஆரம்பித்தபோது, "சரி, குறிச்ச நாள்லயே வெச்சுக்கலாம், போ" என்றார்.

கல்யாணம் நடந்தது. அன்றுமுதல் புத்தகத்தைத் திறக்காமல் சட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனாலும், ஒரு குடும்பத்தைச் சட்டம் சொல்லிக் காப்பாற்றினேன் என்ற பெருமை எனக்குள் இருந்தது. பந்தியில் அந்த அம்மாவிடம் அதை லேசாக எடுத்துவிட்டேன்.

"புஸ்தகத்துல இன்னா இருந்துச்சோ, எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. ஆனா உன்ன நேர்ல பாத்ததும் ஒண்ணு புரிஞ்சுபோச்சு. சம்பந்தி சாக்கு சொல்லல, நெசமாவே ஒரு மடையன் பேச்ச நம்பிட்டாரு."