ஊர்ப்பெயருக்காக விழுந்த அடிகள்

ஊர்ப்பெயரை மாற்றிச் சொன்னால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறுக்காது. ஆறாம் வகுப்பில் ஒருத்தி என்னைத் "துரைப்பாளையத்துக்காரி" என்று கூப்பிட்டாள். அவள் முதுகில் நான் வைத்த அடியில் என் கண்ணாடி வளையல் அத்தனையும் நொறுங்கிப் போனது. வீட்டுக்கு வந்ததும் வளையலுக்காக அம்மா என்னை அடித்தாள். அப்பா மட்டும் திரும்பி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. இக்கரை நாமக்கல் மாவட்டம், அக்கரை ஈரோடு. படித்துறைக்கு மேலே வரிசையாக ஏழு கற்கள், அவைதான் கன்னிமார். அதனால் ஊர் கன்னிமார்துறை. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? ஆனால் ஆள வந்தவன் ஒருத்தனுக்கும் விளங்கவில்லை. மைசூர்க்காரர் ஆட்சியில் ஆற்றில் வெள்ளம் வடியும்வரை குதிரைப்படை இங்கே லாயம் போட்டுக் கிடந்ததாம், ஊர் லாயத்துறை ஆகிவிட்டது. கன்னிமார் கல்லில் குதிரையைக் கட்டாதே என்று தடுத்த பூசாரியின் காதை அறுத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை, சொன்னவர்களும் பார்க்கவில்லை. அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். மேட்டில் பங்களா கட்டி ஆற்றுக் காற்று வாங்கிய ஒரு துரையால் ஊர் துரைப்பாளையம் ஆனது. பழைய பெயரைச் சொல்லித் தண்டோரா போட்ட ஒருவரைப் புளியமரத்தில் கட்டிவைத்து முதுகுத் தோல் உரியும்வரை அடித்தார்களாம்.

துரை போனான், நாட்டுக்கு விடுதலை வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. பட்டாவில், ரேஷன் கார்டில், பஸ் போர்டில் எல்லாம் துரைப்பாளையமேதான். மனு எழுதி எழுதி அலுத்துப்போன ஊர்க்காரர்கள் ஒரு நாள் ரோட்டோரப் பலகையில் தார் பூசக் கிளம்பினார்கள். தாரில் முதலில் கைவைத்தவர் என் அப்பா. பாதி பூசும்போதே போலீஸ் வேன் வந்துவிட்டது. மற்றவர்கள் கரும்புக்காட்டுக்குள் ஓடினார்கள். அப்பா தார்ச்சட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். முழங்காலில் அடித்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் வாய்க்கால் மேட்டில் நின்ற எனக்குக் கேட்டது. சூடான தார் அவர் பாதத்தில் கொட்டியது. அதற்கப்புறமும் அடித்தார்கள். சில வருடங்கள் கழித்து அரசாங்கமே உத்தரவு போட்டுப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. அப்பாவின் கால் மட்டும் சாகும்வரை மடங்கவேயில்லை. ஊர்க்காரர்களுக்கு அது கன்னிமார் கொடுத்த பெயர். எனக்கு அது என் அப்பாவின் முழங்கால். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னைக் கட்டிக்கொண்டவர் என் அத்தை மகன். ரிக் வண்டியோடு வடநாடு முழுக்கப் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர். முதுகு போனதும் ஊருக்குத் திரும்பி, வார்டு மெம்பருக்கு நின்று ஜெயித்தார். நான் வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, நான் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் எதிர்மாறு, தங்கமான மனுஷன். கோபமே வராது. அதனாலேயே எனக்கு இரண்டு மடங்கு கோபம் வரும்.

ஆட்சி மாறியது. புதிதாக வந்த கட்சியில் எங்கள் பக்கத்துப் பெரிய புள்ளி ஒருவர் மேலே போனார். செத்துப்போன தன் அப்பாவின் பெயரோடு 'நகர்' சேர்த்து எங்கள் ஊருக்கு வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அந்த அப்பா எங்கள் ஆற்றில் ஒரு நாள் கால்கூட நனைத்ததில்லை. அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள், உத்தரவும் வந்துவிட்டது. தீர்மானத்தில் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"ஏனுங்க, கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன் புள்ள."

"எதுக்குங்க?"

"ஆத்துக்குப் பாலம் கட்டித் தாரோம்ங்கறாங்க. அக்கரைக்குப் போறதுக்கு எத்தனை மைல் சுத்தறோம்? அந்தப் பேரு நமக்குச் சோறா போடுது?"

"எங்கப்பன் கால் போனது உங்களுக்குத் தெரியாதா?"

"மாமன் காலை நானா ஒடிச்சேன்?"

கையிலிருந்த தோசைக் கரண்டியை அவர் மேல் எறிந்தேன். தோளில் பட்டுக் கீழே விழுந்தது. எடுத்துக் கழுவி, என் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத் தோசையைச் சாப்பிட்டார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிங்க சண்டை போடுவது?

ஊர் இரண்டாகப் பிளந்தது. புதுப்பெயர்க்காரர்களின் மோட்டார் ஒயரை எங்கள் ஆட்கள் அறுத்தார்கள். எங்கள் பக்கத்து மஞ்சள் காட்டில் அவர்கள் மாட்டை விட்டு மேய்த்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் இலையைத் தூக்கி முகத்தில் அடித்தார்கள், அங்கேயே கைகலப்பில் ஒருவருக்கு மூக்கு உடைந்தது. மளிகைக்கடைக்காரி ஒருத்தி புதுப்பெயரைக் கடைப் பலகையில் எல்லாருக்கும் முந்தி எழுதிவைத்தாள். ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்து, "மெம்பர் சம்சாரத்துக்கு ஊடு ஒரு கட்சி, வாசல் ஒரு கட்சியாட்ட இருக்குது" என்றாள். கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். என் கையோடு ஒரு கொத்து முடி வந்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுப் பலகையைத் திறக்கும் நாள் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில், இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே பலகையைப் பொருத்தித் துணியால் மூடி வைத்திருந்தார்கள். பெரிய புள்ளி வரவில்லை, ஆளைத்தான் அனுப்பியிருந்தார். காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. அந்தப் பக்கம் அறுபது எழுபது பேர், இந்தப் பக்கமும் அவ்வளவு இருக்கும். இரண்டே இரண்டு போலீஸ். தறிக்கொட்டகையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பலகையைப் பேர்த்துப் போட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

முதல் கல் எங்கள் பக்கத்திலிருந்துதான் போனது. பொய் சொல்ல மாட்டேன். மாலைத் தட்டு உருண்டது. அப்புறம் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கரும்புத் துண்டு, மண்வெட்டிப் பிடி, செருப்பு, கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. கல் ஒன்று மளிகைக்கடைக்காரியின் வாயில் விழுந்து உதடு கிழிந்தது. என் பெரியப்பா மகனைக் கீழே போட்டு நான்கு பேர் மிதித்தார்கள், அவன் எழுந்து பல்லைத் துப்பிவிட்டு மறுபடியும் ஓடினான். ஒரு போலீஸ்காரர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமே வரவில்லை. உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது, அது நன்றாகக்கூட இருந்தது.

கம்பத்தின் அடியில் இரண்டு போடு போட்டேன். சிமென்ட் பெயர்ந்தது, கம்பம் அசையவில்லை. பலகையையே உடைத்துவிடலாம் என்று கடப்பாரையைத் தூக்கினேன். துணி பாதி விலகி அந்தப் பெயர் தெரிந்தது. அப்போது என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே ஓடிவந்தார்.

"வேண்டாம் புள்ள, வேண்டாம்!"

கை தவறிவிட்டது என்றுதான் ஊரில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவறவில்லை. அவரைப் பார்த்தேன். நிறுத்த நேரம் இருந்தது. நிறுத்தவில்லை.

வலது காதுக்கு மேலே விழுந்தது. அவர் முதலில் உட்கார்ந்தார், அப்புறம் மெதுவாகச் சாய்ந்தார். ரத்தம் சட்டைக் காலரை நனைத்து மண்ணில் இறங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் அடிப்பதை விட்டார்கள், அப்படியே எல்லாரும் விட்டுவிட்டார்கள். தலையை என் மடியில் எடுத்து வைத்து, முந்தானையைச் சுருட்டி அழுத்திப் பிடித்தேன். கண் திறந்துதான் இருந்தது. காரில் மடக்கிப் போட்டுக் கொண்டுபோனால் தலையடிக்கு ஆபத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று யாரோ கத்தினார்கள். ரத்தக் கையோடு நானே போன் போட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல், நிதானமாகப் பேசியது.

"எந்த ஊருங்கம்மா?"

"கன்னிமார்துறை."

"அந்தப் பேர்ல இங்க வரலைங்கம்மா. டவர் அக்கரைல ஈரோடு மாவட்டம்னு காட்டுது. ஊருக்கு வேற பேரு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"கன்னிமார்துறைங்க. ஆத்தோரம், ஏழு கன்னிமார் இருக்குது."

"பதறாதீங்கம்மா. இப்ப போர்டுல என்ன பேரு போட்டிருக்குதுங்க?"

பலகை என் தலைக்கு மேலேதான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெயரை வாசித்தேன். சுற்றிலும் இரண்டு பக்கத்து ஆட்களும் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பா மகன் பல் போன வாயோடு என் முன்னால் நின்றான். மடி சூடாக நனைந்துகொண்டே வந்தது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? ஊர்ப் பேரு சொல்லுங்கம்மா."

நான் சொல்லவில்லை.

மளிகைக்கடைக்காரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, புதுப்பெயரைச் சொல்லி, எந்த ரோட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்று வழியும் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் மண்டியிட்டு, என் முந்தானைக்கு மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை.

நாமக்கல்லில் பார்த்து, அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பி, மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். இடது கை மட்டும் விளங்காமல் போய்விட்டது. விசாரிக்க வந்த போலீசிடம், "கம்பத்துல மோதி விழுந்துட்டனுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பலகை அதே இடத்தில் நிற்கிறது. பாலத்துக்கு இன்னும் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. பெயருக்கு எதிராக இப்போது யாரும் சத்தம் போடுவதில்லை, எங்கள் ஆட்களே பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.

தினமும் மத்தியானம் அவர் இடது கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுவேன். போன மாதம் ஒரு நாள் அப்படி நீவும்போது என்னால் அடக்க முடியவில்லை, உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் நிறுத்தியிருக்கலாமுங்க. பார்த்துத்தான் அடிச்சேன்."

"அது தெரியும் புள்ள. நீ கையை ஓங்கறப்பவே உன்ற மூஞ்சியைப் பார்த்தேன்" என்றார். "கோவம். உனக்குக் கோவம் வராத நாள் எது? அது போவுது உடு."

நான் அழுதேன். அவர் வலது கையால் என் கண்ணைத் துடைத்தார்.

"போன்ல அந்தப் புள்ள நாலு தடவை கேட்டுச்சு" என்றார். "எனக்கு நல்லாக் காதுல உழுந்துச்சு. இப்பச் சொல்லீருவா, இப்பச் சொல்லீருவான்னு எண்ணிக்கிட்டே கெடந்தேன்."

நீவுவதை நிறுத்தினேன்.

"அஞ்சாவது தடவை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. கன்னிமார் சத்தியமாச் சொல்லியிருப்பேன்."

"செரி. இப்பச் சொல்லு."

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்க நினைத்தவர்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாயைத் திறந்தேன். வெளியே தெருவில் ஒரு லாரி போனது, அது போய் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. அவர் கையை மெதுவாகப் பாயில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன்.