மேட்டர் என்று சொன்னதற்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்தில் எனக்கு டி.டி.பி. வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். கல்யாணப் பத்திரிகையோ, கண்ணீர் அஞ்சலியோ, அச்சடிக்க வந்த வாசகம் எதுவானாலும் எங்களுக்கு அது மேட்டர்தான். "மேட்டர் ஜாஸ்தியா இருக்கு, எழுத்தச் சின்னதாக்கு" என்பார் முதலாளி. வெளியில் பையன்கள் அதே சொல்லை அசிங்கமாகச் சொல்லிச் சிரிப்பது தெரியும். வேலையில் உட்கார்ந்துவிட்டால் அது நினைவுக்கே வராது.

2008இல் எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கடலூரில் மருந்து கம்பெனி வேலை. ஒரு சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார்.

"மேட்டர் என்கிட்டதாண்ணே இருக்கு. யாருக்கும் காட்டல. காலையில வந்து முடிச்சுடுறேன்" என்றேன்.

போனை வைத்ததும் மாப்பிள்ளை கேட்டார், "யாருக்கும் காட்டாத மேட்டர் என்னா அது?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ். எதிர்க்கடைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முழுக்கப் படித்தார்.

"நோட்டீஸ்னு சொல்ல வேண்டியதுதானே? பொம்பள வாயில வர்ற வார்த்தையா இது?"

அதற்குப் பிறகு மத்தியானம் தோறும் போன். "இன்னிக்கி யாரோட மேட்டர்?" முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரிப்பு இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார், அவர்களிடம் போனைக் கொடுக்கச் சொல்வார். அச்சகத்தில் அந்தச் சொல்லையே விழுங்க ஆரம்பித்தேன்.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன்.

"இவ்ளோ சின்ன மேட்டருக்கு யாராவது கல்யாணத்த நிறுத்துவாங்களா?" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"வேலைய விட்டுடு, எல்லாம் சரியாயிடும்" என்றாள் அம்மா.

"வேலைய விட்டா அவருக்கு வேற ஒரு வார்த்தை கிடைக்கும்மா."

அப்பா மறுநாள் கடலூர் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "உன்கிட்ட கேட்டத என்கிட்டயும் கேட்டான்" என்றார். "வேணாம். இந்த சம்பந்தத்த விட்டுடலாம்."

நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். கிள்ளையிலிருந்து வந்த அத்தை அம்மாவிடம், "பொண்ணுக்கு ஏதோ மேட்டராமே?" என்று காதோடு கேட்டாள். அம்மா உள்ளே போய்விட்டாள். அந்த வருஷம் அப்பா யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை.