கோகிலா தண்ணீருக்கு வெளியேதான் நின்றாள்

மாலை 4.43. போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் பளுதூக்கியின் மின்பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். "கோகிலா போய்ட்டா தம்பி" என்றார். பழக்கத்தில் அந்த நேரத்தை வேலைக் குறிப்பேட்டில் எழுதினேன். அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. என் மனைவிக்கு முப்பத்தொரு வயது.

எங்கள் வரிசை வீடுகளில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. மெயினை அணைக்க அவள் சொல்லிக்கொடுத்த "கீழ தள்ளு" எங்கிருந்து வந்தது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. மின்சாரம் படித்தவர்களுக்குச் சுவிட்சை மூடினால் மின்சாரம் ஓடும், திறந்தால் நிற்கும். கல்யாணமான புதிதில், பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீட்டில் மேல்மாடிக் குழாய் உடைந்து கூரை சொட்டியது. முதலில் மெயினைத் திறந்துவிடு என்று நான் போனில் சொன்னேன். அவள் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, "திறந்துட்டேன், அப்புறம்?" என்றாள். மின்சாரம் நிற்கவே இல்லை; வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அவளோ சிரித்தாள். "இந்த ஊர்ல லைட்ட மூடுன்னா இருட்டாகும் லா. உங்க படிப்புல மட்டும் தலைகீழ்." அதன்பிறகு எங்கள் வீட்டில் மூடுவதும் இல்லை, திறப்பதும் இல்லை. மெயின் விசையைக் கீழே தள்ளுவது மட்டும்தான்.

கிள்ளானுக்கு வந்தபின் ஒருமுறை லெட்சுமி அக்கா வீட்டுக் கூரைப் பலகை நீர் கோத்து வயிறுபோலத் தொங்கியது. அக்கா அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு துடைப்பக்கட்டையால் குத்தப் போனாராம். கோகிலா முன்வாசலில் இருந்த மெயினைக் கீழே தள்ளிவிட்டு, அக்காவை வெளியே இழுத்து வந்தாள். சோபா நனைகிறது என்று அக்கா புலம்பியதற்கு, "சோபாவ காய வச்சுக்கலாம். உங்க மண்டைய ஒட்ட வைக்க முடியுமா?" என்று கேட்டாள். அரைமணி நேரத்தில் பலகை தானாக விழுந்தது.

அவள் போன அந்த நாளிலும் அவள் தவறு எதுவும் செய்யவில்லை. மழையில் வடிகால் நீர் எதிர்த்து ஏறி, சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் மெயின் பெட்டி அந்தச் சமையலறைச் சுவரில் இருக்கிறது. தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். வெளியே வந்து, லெட்சுமி அக்காவின் போனில் கரண்ட் ஆபீசுக்குச் சொல்லிவிட்டு, அக்கா வீட்டு வாசலில் நின்றாள். அவள் போன் மட்டும் சமையலறையில் சார்ஜில் இருந்தது.

கிடங்கில் மழையைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஆறு முறை.

வெளியே நின்றவர்களுக்கு அந்த மணி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "என் போன்லயே பேசு" என்று அக்கா தன் போனை நீட்டியிருக்கிறார். "வேற நம்பர்ல கூப்பிட்டா அவரு பயந்துக்குவாரு அக்கா. அத எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, வீட்டுக்குள் போவதால் சிலிப்பரை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாளாம். சார்ஜரின் நீட்டிப்புப் பலகை தண்ணீருக்குள் கிடந்தது. மின்கசிவைத் துண்டிக்க வேண்டிய விசை விழவில்லை. அதன் சோதனைப் பொத்தானை நான் கடைசியாக அமுக்கியது எப்போது என்று எனக்கு நினைவில்லை. ரப்பர் சிலிப்பரும் அந்த ஆழத்தில் காப்பாற்றியிருக்காது. அது தெரிந்தும் வாசலில் கிடந்த அந்தச் சிலிப்பரைப் பார்க்க முடியவில்லை.

அவள் எடுத்திருந்தால் நான் சொல்ல இருந்தது ஒன்றுதான்: தண்ணிக்குள்ள போகாத.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, வெளியே நின்று காத்திருக்கும் அந்தப் பொறுமை. அன்று நான் கூப்பிடும்வரை அது அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை. இப்போதுதான் பழகுகிறேன். இன்றும் வானம் இருட்டி ஊற்றுகிறது. அம்பாங்கில் என் தங்கை வீட்டுக்கூரை ஒழுகும். இரண்டு முறை தங்கையின் எண் வரை விரல் போய்விட்டது. அவளுடைய போன் எந்த அறையில் சார்ஜில் கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது. என் போனை அணைத்துவிட்டேன்.